பத்தொன்பதாவது ஒன்பது

மைசூர் சரஸ்வதிபுரத்தில் ஒரு பல் டாக்டரின் மாடியில் விடுதலைக் கணிமை அறக்கட்டளை இருபத்தொரு வருடமாக இயங்கி வருகிறது. அது உருவாக்கி வரும் கணினி இயங்குதளம் மட்டும் இன்னும் இயங்கவில்லை. அதன் பெயர் கண்டபேருண்டா. மைசூர் அரண்மனைச் சின்னத்தில் இருக்கிற இரட்டைத் தலைப் பறவை. பெயர் வைக்கவே இரண்டு வருடம் ஆயிற்றாம். கம்பெனிகளுக்குக் காசு அழாமல், யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்துத் திருத்தி அடுத்தவருக்கும் கொடுக்கிற மாதிரி ஓர் இயங்குதளம். ஏழைகளின் பழைய கணினியிலும் ஓடும். இதுதான் வாக்குறுதி. வாக்குறுதியை நான் குறை சொல்ல மாட்டேன். அதை நம்பி 2009-இல் அவர்களிடம் டீ ஷர்ட் வாங்கியவன் நான். இப்போது அதை ஸ்கூட்டர் துடைக்க வைத்திருக்கிறேன்.

அறக்கட்டளைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு விஜயதசமிக்கும் ஒரு பதிப்பு வெளியிடுவார்கள். முதல் மூன்று வருடத்திலேயே பதிப்பு எண் 0.9 வரை வந்துவிட்டது. அடுத்தது 1.0 என்று ஊரே எதிர்பார்த்தது. ஊர் என்றால் நாங்கள் நாற்பது பேர். ஆனால் 1.0 என்று போட்டுவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தமாகிவிடும். முடிந்ததா என்று யாராவது ஓட்டிப் பார்த்துவிடுவார்கள். அதனால் அந்த வருடம் 0.99 வந்தது. அதற்கடுத்த வருடம் 0.999. அன்றிலிருந்து வருடத்துக்கு ஓர் ஒன்பது. போன தசராவுக்கு முந்தைய தசராவில் புள்ளிக்குப் பின்னால் பதினெட்டு ஒன்பதுகள் நின்றன.

அந்த ஒன்பதுகளை ஒன்று விடாமல் எண்ணி அடித்துக் கொடுத்தவர் செல்லக்கண்ணு. அதே ஊரில் அக்ரஹாரம் என்கிற கடைத்தெருப் பகுதியில் மாதேஸ்வரா ஜெராக்ஸ் கடை அவருடையது. ஹனூர்ப் பக்கத்துக் குடியானவக் குடும்பம். மழை பொய்த்த ஒரு வருடத்தில் மனைவி பூவாத்தாளோடு மைசூருக்கு வந்தவர். மூன்று பழைய கணினி, ஒரு பெரிய பிரிண்டர். வருமானச் சான்று, சாதிச் சான்று, விதவைப் பென்ஷன், நிலப் பத்திர நகல் என்று அரசாங்கத்தின் இணையச் சேவைகளைச் செய்து கொடுக்க அனுமதி வாங்கி வைத்திருந்தார். கடை அந்த அனுமதியில்தான் நின்றது. வெறும் ஜெராக்ஸை நம்பி அக்ரஹாரத்தில் யாரும் அடுப்பு மூட்ட முடியாது.

அறக்கட்டளையின் போஸ்டர், அழைப்பிதழ், ஆண்டறிக்கை எல்லாமே அவர் கடையில்தான் பிரிண்ட் ஆகும். காரணம் எளியது. கண்டபேருண்டாவில் பிரிண்ட் வராது. கம்பெனிக்காரன் இயங்குதளத்தில் ஓடுகிற செல்லக்கண்ணுவின் கணினியில் பென் டிரைவைச் செருகித்தான் அவர்கள் கம்பெனிகளுக்கு எதிரான போஸ்டரை எடுத்துப் போவார்கள். இதை ஒருநாளும் அவர் யோசித்துப் பார்த்ததில்லை. படித்தவர்களுக்கு ஆயிரம் சோலி இருக்கும் என்று விட்டுவிட்டார்.

போன ஆகஸ்டில் சேவை மைய அலுவலகத்திலிருந்து அவருக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. அவருடைய கணினிகளில் இருக்கிற அமெரிக்க இயங்குதளத்துக்கு அக்டோபர் பதினான்கோடு ஆயுள் முடிகிறது. அதன் பிறகு அந்தக் கணினிகள் சேவை இணைப்பில் சேராது. என்ன மாற்று வைத்திருக்கிறீர்கள் என்று செப்டம்பர் முப்பதுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தபடி இல்லையென்றால் அனுமதி ரத்து. அமெரிக்கக்காரனின் புதிய இயங்குதளமோ இந்தக் கிழட்டுக் கணினிகளில் ஏறாது.

பூவாத்தாளின் தம்பி சிவகுமார் பெங்களூரில் ஓர் ஆபீஸில் வேலை பார்க்கிறான். அங்கே மூன்று கணினிகளைக் கழிக்கிறார்கள் என்று அதே வாரம் போன் செய்தான்.

"நாலு வருசம் ஓடுனதுதான் மச்சான். புதுசு எல்லாம் அதுல ஏறும். சும்மாவே தர்றாங்க. நீங்க ஊம்னு ஒரு வார்த்தை சொன்னா வண்டில போட்டு அனுப்பிச்சு உடறேன்."

செல்லக்கண்ணு ஊம் சொல்வதற்குள் தீபக் பென் டிரைவோடு வந்து சேர்ந்தான். அறக்கட்டளையில் நிஜமாகவே வேலை செய்கிற இரண்டு பேரில் ஒருவன். மற்றவர் காபி கொண்டு வருகிறவர். தீபக் கொண்டு வந்த போஸ்டரில் ஒன்பதே இல்லை. 'கண்டபேருண்டா 1.0. இந்த விஜயதசமி. பழைய கணினிக்கும் புது வாழ்வு' என்று இருந்தது. வருடா வருடம் ஒன்பதுகளை ஒரே வரியில் அடைக்க எழுத்தைச் சின்னதாக்கிச் சின்னதாக்கி அலுத்துப்போன செல்லக்கண்ணு, முதல் தடவையாக எழுத்தைப் பெரிதாக்கினார். தன் கையால் பெரிதாக்கியதை அவர் நம்பிவிட்டார். அவர் செய்த தப்பு அது ஒன்றுதான்.

மறுநாள் மாடியேறி அறக்கட்டளைத் தலைவர் கிருஷ்ணராஜைப் பார்த்தார். கிருஷ்ணராஜ் பொறியியல் கல்லூரியில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். சணல் பை, கதர் ஜிப்பா. தமிழ் பேசினாலும் 'இல்லையா' என்பதற்குக் கன்னடத்து 'அல்வா'தான் வாயில் வரும். மேசையின் மேல் 'பொறுமையே விடுதலை' என்று ஒரு பலகை.

"செல்லக்கண்ணு, உங்க கம்ப்யூட்டர் மாதிரி ஏழைக் கம்ப்யூட்டருக்காகத்தானே நாங்க இருபத்தொரு வருஷமா அல்லாடறோம்."

"பிரிண்ட் வருங்களா சார்?"

"பிரிண்ட் என்ன, எல்லாம் வரும்."

"தசராவுக்கே வந்துருமுங்களா?"

"போஸ்டர்ல போட்டிருக்கு அல்வா? அடிச்சதே நீங்கதானே."

செல்லக்கண்ணு படியிறங்கினார். கடைக்குத் திரும்பி, 'மாற்று ஏற்பாடு: கண்டபேருண்டா 1.0' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, சேவை மைய அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கினார். சிவகுமாரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த மூன்று கணினிகளும் கெங்கேரியில் ஒரு டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்ச் சேர்ந்தன.

"ஏனுங்க, கைக்கு வந்ததை விட்டுப்போட்டு, காயிதத்துல இருக்கறதை நம்பறீங்களே," என்றாள் பூவாத்தாள்.

"பெரிய மனுசங்க சொல்றாங்க புள்ள. இருபத்தொரு வருசமாச் செய்யறாங்க."

"ஒரு வேலையை இருபத்தொரு வருசமாச் செய்யறாங்கன்னா அவியளுக்கு அது வரலைன்னுதானுங்க அர்த்தம்."

இந்த ஒரு வாக்கியத்தை அறக்கட்டளையின் ஆண்டறிக்கையில் போட்டிருந்தால் மீதிப் பக்கங்கள் தேவைப்பட்டிருக்காது.

செப்டம்பர் முதல் வாரம் தீபக் கடைக்கு வந்து, ஓரமாக இருந்த கணினியில் கண்டபேருண்டாவை ஏற்றிக் காட்டினான். பதினான்கு நிமிடம் திரையில் இரட்டைத் தலைப் பறவை நின்றது. ஒரு தலை இடது பக்கம் பார்த்தது, இன்னொன்று வலது பக்கம் பார்த்தது. அதற்குப் பிறகு உண்மையாகவே எழுந்தது. எழுத்து வந்தது. கணக்குப் போட்டது. செல்லக்கண்ணு சந்தோஷமாக ஒரு பென்ஷன் விண்ணப்பத்தை அடித்து, பிரிண்ட் கொடுத்தார். 'அச்சிட உங்களுக்கு முழுச் சுதந்திரம் உண்டு' என்று திரையில் ஒரு வரி வந்தது. பிரிண்டர் அசையவில்லை. மறுபடி கொடுத்தார். மறுபடி சுதந்திரம் வந்தது.

"காயிதம் வரலையே தம்பி."

"அது கொறைதான் சார். ஆபீஸ்ல வந்து பதிவு பண்ணிடுங்க. வாயால சொன்னா எடுத்துக்க மாட்டாங்க."

பதிவு செய்வதற்கு ஒரு படிவம் இருந்தது. அறுபத்திரண்டு கேள்வி. குறை தோன்றுவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? குறை தோன்றாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? இதைக் குறை என்று கருதுவது உங்கள் சொந்தக் கருத்தா? செல்லக்கண்ணு பொய் சொல்லத் தெரியாத மனிதர். முதல் கேள்விக்கு, 'கை கழுவிட்டு வந்து உட்கார்ந்தேன்' என்று எழுதினார். அவர் புகாருக்குக் குறை எண் 412 கிடைத்தது.

எண் கிடைத்த அன்றே அவருக்கு விழா எடுத்தார்கள். ஏனென்றால் அறக்கட்டளையின் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது: குறையைக் கண்டவரே அந்தக் குறையின் பராமரிப்பாளர். அவரே சரி செய்ய வேண்டும். சரியாகிவிட்டது என்று அறக்கட்டளையின் இணையதளத்தில் அவரே பட்டனை அழுத்த வேண்டும். வேறு யாரும் அழுத்தக் கூடாது. எவ்வளவு ஜனநாயகம் பாருங்கள். கண்டபேருண்டா எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாத ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரே நாளில் அச்சுத் துறைப் பராமரிப்பாளர் ஆனார். தலையில் ஜரிகைத் தலைப்பாகையான மைசூர்ப் பேட்டா கட்டினார்கள், சால்வை போர்த்தினார்கள், சந்தன மாலை போட்டார்கள். அவருக்கு முன்னால் இப்படி நானூற்றுப் பதினொரு பேருக்குப் பேட்டா கட்டியிருக்கிறார்கள். ஒருவர்கூட இரண்டாவது தடவை மாடியேறியதில்லை. குறை சொன்னவர்களை மரியாதையாக வழியனுப்ப இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை.

அவர் பேட்டாவோடு வீட்டுக்கு வந்ததும் பூவாத்தாள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"பிரிண்ட் வந்துருச்சுங்களா?"

"இல்ல. என்னைத்தான் பாத்துக்கச் சொல்லியிருக்காங்க."

அவள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆனால் செல்லக்கண்ணு மற்ற நானூற்றுப் பதினொரு பேர் மாதிரி இல்லை. அவருக்கு அக்டோபர் பதினான்கு இருந்தது. தினமும் கடையைப் பூட்டிவிட்டு மாடியேறினார். கூட்டங்களில் உட்கார்ந்தார். அச்சு பற்றி ஐந்து கூட்டம் நடந்தது. முதல் கூட்டத்தில், காகிதம் மரத்தை அழிக்கிறது, ஆகவே பிரிண்ட் தேவையா என்று விவாதித்தார்கள். இரண்டாவது கூட்டத்தில், முதல் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை எல்லோருக்கும் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கச் சொல்லி செல்லக்கண்ணுவிடம் கொடுத்தார்கள். எடுத்துக் கொடுத்தார்.

மூன்றாவது கூட்டம் முடிந்து படியிறங்கும்போது தீபக் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னான். 2011-இல் கண்டபேருண்டாவில் பிரிண்ட் வந்ததாம். உமாதேவி என்று ஒருத்தி எழுதினாளாம். அற்புதமாக வேலை செய்ததாம்.

"அப்புறம் என்னாச்சு தம்பி?"

"தூக்கிட்டாங்க சார்."

செல்லக்கண்ணு திரும்ப மாடியேறி கிருஷ்ணராஜிடம் நேராகவே கேட்டார். கிருஷ்ணராஜ் மறைக்கவில்லை. இந்த மாதிரி ஆட்கள் எதையும் மறைப்பதில்லை. அதுதான் அவர்களிடம் இருக்கிற பயங்கரம்.

"வேலை செஞ்சது நிஜம்தான். ஆனா பாருங்க, அது அழகா எழுதப்படலை. மேல ரெண்டு வரி அனுமதி வாசகம் வேற விட்டுப்போச்சு. கொள்கைன்னு ஒண்ணு இருக்கு அல்வா? எடுத்துட்டோம். அதுக்கப்புறம் மூணு தடவை முதல்லேர்ந்து அழகா எழுதினோம்."

"அதுல பிரிண்ட் வருங்களா?"

"இன்னும் வரலை. ஆனா படிச்சுப் பார்த்தா கண்ணுல தண்ணி வரும்."

உமாதேவி இப்போது நஞ்சன்கூட்டில் ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். செல்லக்கண்ணு எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினார். அவள் சிரித்தாள்.

"அந்த ரெண்டு வரியை அப்பவே எழுதி அனுப்பிட்டேன் அண்ணா. பதினாலு வருஷம் ஆச்சு. இன்னும் பரிசீலனையிலதான் இருக்கா?" அன்று மாலையே இன்னொரு தடவை அனுப்பி வைத்தாள்.

இனி என்ன தடை என்று நினைக்கிறீர்களா? நீக்கிய பகுதியைத் திரும்பச் சேர்க்க, ஆயுள் உறுப்பினர்கள் ஏழு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். செல்லக்கண்ணு ஒவ்வொருவராகப் பிடித்தார். ஒருவர் ஜெர்மனியில், ஒருவர் சிங்கப்பூரில், மூன்று பேர் ஜெயலட்சுமிபுரத்தில். கெஞ்சியும் நச்சரித்தும் ஐந்து பேரிடமும், ஆறாவதாகக் கிருஷ்ணராஜிடமும் கையெழுத்து வாங்கினார். ஏழாவது ஆயுள் உறுப்பினர் பசவராஜ். அவர் 2017-இல் இறந்துவிட்டார்.

"அவர் பேரை எடுத்துரலாமுங்களே சார்."

"தாராளமா எடுக்கலாம். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டா எடுத்துடலாம்."

"ஆள் உசுரோட இல்லீங்களே."

"அதனாலதான் எட்டு வருஷமா எங்களால ஒரு முடிவும் எடுக்க முடியலை," என்றார் கிருஷ்ணராஜ், உண்மையான வருத்தத்தோடு. "ஆனா ஒண்ணு சொல்லணும். பசவராஜ் என்னைக்கும் எங்களுக்கு எதிரா ஓட்டுப் போட்டவர் இல்லை. இப்பவும் போடறதில்லை."

பசவராஜுக்கு இன்னும் நாற்காலி போடுகிறார்கள். காபியும் வைக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் அந்தக் காபியைச் செயலாளர் குடித்துவிடுவார். அந்த அறையில் இருபத்தொரு வருடமாகத் தாமதமில்லாமல் நடக்கிற காரியம் அதுதான்.

விஜயதசமி வந்தது. ஊரெல்லாம் யானை ஊர்வலம் பார்க்கக் காலையிலிருந்தே இடம் பிடித்துக்கொண்டிருந்தது. குவெம்பு நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியீட்டு விழா. செல்லக்கண்ணுவின் கையால் பெரிதாக்கப்பட்ட 1.0 வாசலில் தொங்கியது. அவரையும் பேட்டா கட்டி மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றி, சாமி பாட்டுப் பாடி முடித்ததும் கிருஷ்ணராஜ் எழுந்தார். கன்னடத்தில் பேசினார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டதைத் தமிழில் தருகிறேன். ஒரு சொல்லையும் நான் கூட்டவில்லை. கூட்ட வேண்டிய அவசியத்தை அவர் வைக்கவில்லை.

"நண்பர்களே, நாம் தாமதிக்கிறோம் என்கிறார்கள். தாமதம் என்றால் என்ன? ஒரு தேதியைச் சொல்லி அந்தத் தேதியில் செய்யாமல் இருப்பது. நாம் எந்தத் தேதியையும் சொல்லவில்லை. விஜயதசமி என்றுதான் சொன்னோம். விஜயதசமி ஒவ்வொரு வருடமும் வருகிறது. கம்பெனிகள் மக்களை அவசரத்துக்குப் பழக்கி வைத்திருக்கின்றன. பட்டனை அழுத்தினால் வேலை நடக்க வேண்டும் என்பது அவர்கள் நம் மூளையில் திணித்த எதிர்பார்ப்பு. ஓடுகிற மென்பொருளை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஓடாவிட்டாலும் கொள்கையில் நிற்கிற மென்பொருளை நாம் மட்டும்தான் எழுதுகிறோம்."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன், பழக்க தோஷம்.

"இன்று நாம் வெளியிடுவது," என்று அவர் திரையை விலக்கினார். புள்ளிக்குப் பின்னால் பத்தொன்பது ஒன்பதுகள். மண்டபத்தில் ஒரு சின்ன சலசலப்பு. கிருஷ்ணராஜ் கையை உயர்த்தினார். "போஸ்டரில் 1.0 என்றிருக்கிறதே என்று கேட்பீர்கள். புள்ளிக்குப் பின் ஒன்பதுகளை முடிவில்லாமல் போட்டுக்கொண்டே போனால் அது ஒன்றுக்குச் சமம். இது நான் சொல்வதல்ல, கணிதம் சொல்வது. நாம் செய்ய வேண்டியதெல்லாம் நிறுத்தாமல் இருப்பது மட்டும்தான்."

இந்தத் தடவை எழுந்து நின்று தட்டினார்கள். ஒரு வாலிபன் அழுதான். அதற்குப் பிறகு அச்சுத் துறைப் பராமரிப்பாளரைப் பேச அழைத்தார்கள். செல்லக்கண்ணு மைக் முன்னால் வந்து பேட்டாவைச் சரி செய்துகொண்டார். மேடையில் அவர் பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"எல்லாருக்கும் நமஸ்காரங்க. பிரிண்ட் வரலீங்க. எனக்குப் பதினாலாந்தேதிக்குள்ள வேணுமுங்க. இல்லாட்டி என்ற கடை போயிருமுங்க. இங்க இத்தனை படிச்சவங்க இருக்கீங்க. யாராச்சும் செஞ்சு குடுங்க."

தமிழ் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொன்னார்கள். கிருஷ்ணராஜ் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "இதுதான் நம் பலம்," என்றார். "குறையை வெளிப்படையாகச் சொல்கிற துணிவு எந்தக் கம்பெனியில் உண்டு?" மறுபடி கைதட்டல். பிறகு எல்லோரும் பிசிபேளா பாத் சாப்பிடப் போனார்கள்.

அக்டோபர் பன்னிரண்டு. கடையில் செல்லக்கண்ணுவும் தீபக்கும் மட்டும் இருந்தார்கள். தீபக் நான்கு நாளாக வேலைக்கு லீவு போட்டுவிட்டு உமாதேவியின் பகுதியைத் திருட்டுத்தனமாகப் புதிய பதிப்பில் பொருத்தப் பார்த்துத் தோற்றிருந்தான். பதினான்கு வருடத்தில் மற்றதெல்லாமும் மூன்று தடவை மாற்றி எழுதப்பட்டு அழகாகிவிட்டிருந்தது.

"ஏன் தம்பி, உங்க ஊட்டுல நீங்க எதுல பிரிண்ட் எடுக்கறீங்க?"

தீபக் தலையைக் குனிந்துகொண்டான்.

"வீட்ல வேற ஒண்ணு வெச்சிருக்கேன் சார். அதுவும் ஃப்ரீதான். வெளிநாட்டுல யார் யாரோ சேர்ந்து பண்ணினது. இந்த மாதிரிப் பழைய கம்ப்யூட்டர்லயே ஓடும்."

"பிரிண்ட்டு?"

"வரும் சார்."

அரை மணி நேரத்தில் அதை ஏற்றிக் காட்டினான். பிரிண்ட் கொடுத்ததும் பிரிண்டர் உறுமி, அந்தப் பென்ஷன் விண்ணப்பத்தை அச்சடித்துத் தள்ளியது. செல்லக்கண்ணு அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இதை ஆகஸ்ட் மாசத்துலயே எனக்குச் சொல்லக்கூடாதா தம்பி?"

"ஆபீஸ்ல அது பேரைச் சொன்னா ஃபைன் சார். சமரசவாதம்னு போர்டுல பேர் எழுதிடுவாங்க." அவன் பென் டிரைவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். "தப்பு பண்ணிட்டேன் சார்."

மறுநாள் செல்லக்கண்ணு சேவை மைய அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே இருந்த கிளார்க் நல்ல மனிதர்தான். கோப்பை எடுத்துப் பார்த்தார். கண்டபேருண்டா 1.0 என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். வேறு ஏதோ வைத்திருக்கிறீர்கள். மாற்ற வேண்டுமானால் செப்டம்பர் முப்பதுக்குள் மாற்றியிருக்க வேண்டும். எழுதிக் கொடுத்ததைக் காட்டுங்கள், இன்றைக்கே சரி பார்த்து முத்திரை போடுகிறேன் என்றார். காட்டுவதற்கு அப்படி ஒன்று உலகத்தில் இல்லை. பதினைந்தாம் தேதி காலை அனுமதி ரத்தாயிற்று.

நவம்பர் கடைசியில் மாதேஸ்வரா ஜெராக்ஸ் மூடப்பட்டது. கணினிகளையும் பிரிண்டரையும் பழைய சாமான்காரன் வந்து தூக்கிக்கொண்டு போனான். ஷட்டரை இழுத்துப் பூட்டும்போது பூவாத்தாள்தான் சாவியை வாங்கிக்கொண்டாள். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை வாசலில் செல்லக்கண்ணு இப்போது செக்யூரிட்டி. பகல் டூட்டி. ஐம்பத்திரண்டு வயதில், வருகிற லாரிகளின் எண்ணை எழுதிக்கொண்டு நிற்கிறார். பூவாத்தாள் அதே பேட்டையில் ஒரு கேன்டீனில் காய் நறுக்குகிறாள்.

டிசம்பரில் ஒருநாள் கிருஷ்ணராஜ் கேட் வாசலுக்கே வந்துவிட்டார். கையில் பழத்தட்டு.

"செல்லக்கண்ணு, நல்ல சமாச்சாரம். உங்க குறை எண் 412 தீர்ந்துபோச்சு."

செல்லக்கண்ணுவுக்குப் புரியவில்லை. "பிரிண்ட் வருதுங்களா சார்?"

"அது இல்லை. தீபக் சொன்னான், நீங்க பிரிண்டரை வித்துட்டீங்களாம். அப்ப உங்ககிட்ட இப்போ அந்தக் குறை இல்லை அல்வா? இருபத்தொரு வருஷத்துல தீர்ந்த முதல் குறை உங்களதுதான். கமிட்டில ஒரே உற்சாகம். இதே முறையில பார்த்தா இன்னும் முந்நூறு குறை தானாவே தீர்ந்திருக்கும்னு கணக்குப் போட்டிருக்கோம். எல்லாருக்கும் கடுதாசி போடப் போறோம், உங்க மெஷின் இன்னும் உயிரோட இருக்கான்னு கேட்டு. நீங்க தளத்துல போய் அந்தப் பட்டனை மட்டும் அழுத்திடணும். விதிப்படி நீங்கதான் அழுத்தணும்."

கேட்டுக்கு வெளியே லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. செல்லக்கண்ணு அவரையே பார்த்தார். அவருக்குக் கோபம் வந்ததா என்று பிறகு கேட்டேன். கோபம் இல்லையாம். அந்த மனிதர் உண்மையாகவே சந்தோஷமாக இருந்ததைப் பார்த்துப் பயமாகிவிட்டதாம்.

"கொறை அப்படியேதானுங்க சார் இருக்குது. கடைதான் இல்லை. நான் அழுத்த மாட்டனுங்க," என்று சொல்லிவிட்டுக் கேட்டைத் திறக்கப் போனார்.

மூன்று நாள் கழித்து அறக்கட்டளையின் தளத்தில் அறிவிப்பு வந்தது. கண்டபேருண்டா 1.0 எல்லா வகையிலும் தயாராக இருக்கிறது. குறை எண் 412-ஐ முடித்துவைக்க அச்சுத் துறைப் பராமரிப்பாளர் ஒத்துழைக்காததால் வெளியீடு தாமதமாகிறது. பயனாளர்கள் அவரையே தொடர்புகொண்டு வற்புறுத்தலாம். கீழே செல்லக்கண்ணுவின் பெயரும் செல்போன் எண்ணும். இருபத்தொரு வருடத் தாமதத்துக்கு ஒருவழியாகக் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அன்று முதல் அவருக்கு போன் வருகிறது. சாமராஜநகரிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார், மண்டியாவிலிருந்து ஒரு மருந்துக் கடைக்காரர். போன வாரம் நான் அவரோடு கேட் பக்கம் நின்றிருந்தபோது குண்டல்பேட்டையில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிற மகேஸ்வரி என்று ஒரு பெண் கூப்பிட்டாள். சத்தமாகப் பேசினாள், எனக்கும் கேட்டது. நாலு பழைய கம்ப்யூட்டர், அண்ணா. எங்க பக்கத்துக்கு இப்பத்தான் நோட்டீஸ் வந்திருக்கு. 1.0-வுக்காகத்தான் காத்திருக்கேன். எப்ப வரும்?

"அது வராதுங்க அம்மிணி," என்றார் செல்லக்கண்ணு. "எழுதிக் குடுக்கற கடுதாசில அது பேரை மட்டும் போட்ராதீங்க. தீபக்னு ஒரு தம்பி இருக்குது, நம்பர் சொல்றன், எழுதிக்கங்க. இலவசமா வேற ஒண்ணு இருக்குது. அந்தத் தம்பி வந்து அரை மணி நேரத்துல போட்டுக் குடுத்துரும். பிரிண்ட்டு வரும். நான் கண்ணுல பாத்தனுங்க."

இதுவரை முப்பத்தேழு கடைகளுக்கு இப்படிச் சொல்லியிருக்கிறாராம். ஒரு கடையும் மூடவில்லை. அறக்கட்டளை இந்த நாட்டு மக்களுக்குச் செய்த ஒரே உதவி, அவருடைய எண்ணை வெளியிட்டதுதான்.